வாய்க்குள்ளே இருபத்தேழு நாள்

"ஒருக்கா ஆவெண்டு காட்டுங்கோ ஐயா. நான் ஒண்டும் செய்யமாட்டன்."

காலை ஆறேகால். வேலைக்குப் போகும் கோட்டைப் போட்டபடியே சுபானி மீன்தொட்டியின் முன்னால் முழந்தாளிட்டிருந்தாள். ஒரு கையில் தேநீர்க் கோப்பை. மறு கையில் பல் வைத்தியர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் நீளக் காம்புக் கண்ணாடி. அதைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கி, ஒரு பாறை விளிம்புக்குக் கீழே சரித்துப் பிடித்தாள். அங்கே நடுவிரல் நீளமுள்ள வெள்ளி நிற மீன் ஒன்று அசையாமல் நின்றது. உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகள். செட்டைகளில் மாவைத் தெளித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். அதன் கீழ்த்தாடை, கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்தவருடையதைப்போல வீங்கித் தொங்கியது. மீன் வாயைத் திறக்கவில்லை. சுபானி ஒரு மிடறு தேநீர் குடித்தாள். மற்றப் பக்கம் நகர்ந்தாள். மறுபடியும் அதே மரியாதையோடு கேட்டாள்.

அவளுடைய கணவன் சதீசனுக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. மீனுக்கு "ஐயா", "வாங்கோ", "சாப்பிடுங்கோ". தனக்கு மட்டும் "குளிக்கிற தொட்டிக்கை கால் வைக்காதேங்கோ, தண்ணி வடியுது" என்ற ஒரு வசனந்தான் என்பான். அவன் சொல்வது பொய்யில்லை. கடல் மீனுக்கு ஊற்றும் தண்ணீரை முதலில் வடிகட்டிச் சுத்தமாக்கி, பிறகு அளந்து உப்புக் கரைக்க வேண்டும். அந்த வடிகட்டல் வாரத்தில் இரண்டு நாள் குளியலறையில்தான் நடக்கும். அந்த நாட்களில் சதீசன் முகம் மட்டும் கழுவிக்கொண்டு, பொதிகள் பிரிக்கும் வேலைக்குப் போவான்.

சுபானிக்கு நாற்பத்தொரு வயது. ஆறு வயதில் ஜெர்மனிக்கு வந்தவள். எசன் நகரத்தில், தான் வசிக்கும் தெருவுக்கு இரண்டு டிராம் தரிப்பிடம் தள்ளி, ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராகப் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறாள். நாள் முழுவதும் மற்றவர்களின் வாய்க்குள் பார்ப்பது அவள் தொழில். அங்கே கழித்துவிடுகிற பழைய சாமான்கள் எல்லாம் இந்தத் தொட்டிக்குத்தான் வருகின்றன. வளைந்த ஊசிக் குழாயால் பவளங்களுக்கு ஒவ்வொரு வாயாகத் தீனி கொடுப்பாள். நீளமான இடுக்கியால் பாறை இடுக்கில் கிடக்கும் அழுக்கை எடுப்பாள். பல்லுக்கு ஒட்டுகிற பசையால் உடைந்த பவளக் கிளையை ஒட்டிப் பார்த்து, அது பிடித்துக்கொண்டபோது அன்று முழுவதும் வேலையிடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம்.

தொட்டி வரவேற்பறையின் நடுச் சுவரில் இருக்கிறது. இருநூற்று நாற்பது லீற்றர். முன்பு அந்த இடத்தில் கண்ணாடி அலுமாரியும் அதற்குள் கலியாணப் பரிசாக வந்த தேநீர்ச் செட்டுகளும் இருந்தன. அவை இப்போது நிலவறையில் பெட்டிக்குள் கிடக்கின்றன. யாராவது உறவினர் வந்து, "எங்க பிள்ளை உங்கட சோக்கேஸ்?" என்று கேட்டால், இதுதான் என்று தொட்டியைக் காட்டுவாள். வந்தவர் இருந்து தேநீர் குடிப்பதற்கு முன்னரே, மணலுக்குள் குழி தோண்டும் குருட்டு இறாலையும் அதற்குக் காவல் நிற்கும் சின்ன மீனையும் பார்க்கச் சொல்லித் தரையில் இருத்திவிடுவாள். பட்டுச் சேலையோடு தரையில் இருந்தவர்களும் உண்டு.

அவளுடைய இன்னொரு பைத்தியம் படம் எடுப்பது. மீன்களை மட்டுந்தான் எடுப்பாள். கண்ணாடியில் தன் உருவம் தெறிக்காமலிருக்கக் கறுப்புச் சட்டை போட்டு, தலையில் கறுப்புச் சால்வையைப் போர்த்துக்கொண்டு, பட்டப்பகலில் யன்னல் சீலைகளை இழுத்துவிடுவாள். நீரோட்ட மோட்டரை நிறுத்திவிட்டுத் தூசி அடங்கும்வரை பத்து நிமிடம் பொறுத்திருப்பாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு நேர்செங்குத்தாக ஒரு படம். கொஞ்சம் சரிந்தாலும் மீனுக்கு இரண்டு விளிம்பு தெரியும் என்பாள். வீட்டில் பெரிய கமெரா இருக்கிறதென்று அறிந்த ஒரு மாமி, வயதுக்கு வந்த தன் மகளின் சாமத்திய வீட்டுக்குப் படம் எடுக்க அவளைக் கூப்பிட்டார். பூச்சிகளையும் மீன்களையும் கிட்ட எடுக்கும் லென்ஸ்தான் அவளிடம் இருந்தது. மாமியின் கன்னத்துப் பவுடர், வறண்ட குளம்போல வெடித்துப் பாளம் பாளமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எசனில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளுக்கு அது பெரிய ஆறுதல்.

அவள் எடுக்க ஆசைப்பட்ட ஒரு படம் மட்டும் அகப்படாமல் இருந்தது.

அந்த வெள்ளி மீனைப் பங்காய் என்பார்கள். இந்தோனேசியாவில் சில தீவுகளைச் சுற்றி மட்டும் வாழும் சாதி. பெண் மீன் முட்டை இட்டதும், ஆண் அத்தனையையும் தன் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். முட்டை வாய்க்குள்ளேயே பொரிக்கும். பொரித்த குஞ்சுகளும் ஒரு கிழமைக்கு மேல் வாய்க்குள்ளேயே வளரும். அந்த நாலு கிழமையும் தகப்பன் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாது. கடைசியில் ஒருநாள் வாயைத் திறக்கும்போது, தகப்பனை உரித்துவைத்ததுபோல் பட்டையும் புள்ளியுமாகக் குஞ்சுகள் வெளியே வரும். திறந்த வாய்க்குள்ளிருந்து குஞ்சுகளின் கண்கள் எட்டிப் பார்க்கும் அந்தக் கணம் அவளுக்கு வேண்டும்.

முதல் முறை ஐந்தாம் நாள் தாடை வற்றிவிட்டது. தகப்பன் முட்டைகளை விழுங்கிவிட்டது. புதுத் தகப்பன்மார் அப்படிச் செய்வதுண்டு என்று அவள் படித்திருந்தாள். இரண்டாம் முறை பதினேழாம் நாள்வரை வந்தது. அன்று மீன் சற்று வாயைத் திறக்க, உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ அசைய, சுபானியால் பொறுக்க ஏலவில்லை. கமெராவின் மேல் வெளிச்சத்தைப் பூட்டி ஒரு மின்னல் அடித்தாள். மீன் துள்ளிப் பாறையில் மோதியது. அடுத்த நாள் காலை தாடை தட்டையாக இருந்தது.

அந்தப் படத்தில் இருட்டும் ஒரு வால் நுனியுந்தான் விழுந்திருந்தன. அதை அவள் அழிக்கவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. சதீசன் கேட்டபோது இந்த முறையும் விழுங்கிவிட்டது என்று மட்டும் சொன்னாள். வெளிச்சக் கருவியைப் பக்கத்துத் தெருப் பழஞ்சாமான் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் முறை தை மாதம் ஒரு சனிக்கிழமை தொடங்கியது. இந்தமுறை அவள் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பதினெட்டாம் நாளிலிருந்து மூன்று நாளாக, துளைகளிட்ட கண்ணாடித் தடுப்பொன்றை ஒவ்வொரு விரற்கடையாகத் தொட்டிக்குள் இறக்கித் தகப்பனைத் தனியறைக்காரன் ஆக்கினாள். இந்தச் சாதிக் குஞ்சுகள், கடல் முள்ளெலி என்ற பந்துபோன்ற உயிரின் நீண்ட முட்களுக்குள் ஒளிந்து வளரும். அதற்காக வயர் கட்டும் கறுப்புப் பிளாஸ்டிக் நாடாக்களை ஒரு பந்தில் குத்திக் குத்தி, முள்ளெலிபோல ஒன்று செய்து மூலையில் வைத்தாள். சதீசன் அதைப் பார்த்து, "உது ஆரின்ரை தலை?" என்றான்.

அவள் கணக்கில் இருபத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை, குஞ்சு வெளியே வரவேண்டும். இருபத்திரண்டாம் நாள் கடைக்குப் போய்விட்டு வரும்போது படிக்கட்டில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. பிரதான இணைப்பைப் புதுப்பிப்பதால், வரும் வியாழக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் ஒரு மணிவரை கட்டடம் முழுவதும் மின்சாரம் இராது.

மாசி மாதக் குளிர். தண்ணீரைச் சூடாக்குவதும் அதற்குள் காற்றைக் கலப்பதும் மின்சாரந்தான். ஐந்து மணித்தியாலம் பெரிய மீன்கள் தாங்கக்கூடும். பட்டினியில் இருபத்தேழு நாள் கிடந்து, வாய் நிறையக் குஞ்சு வைத்திருக்கும் ஒருவர் தாங்குவாரா? மூச்சு முட்டினால் துப்புவார், பயந்தால் விழுங்குவார். சுபானி வாங்கி வந்த மரக்கறிப் பையைப் படியில் வைத்துவிட்டு அந்த அறிவித்தலை மூன்று தரம் வாசித்தாள்.

திங்கட்கிழமை வைத்தியரிடம் போய் வியாழக்கிழமைக்கு லீவு கேட்டாள். அந்த நாளில் எத்தனை பேருக்கு நேரம் குறித்து ரெர்மின் கொடுத்திருக்கிறது என்று வைத்தியர் லின்டமான் அம்மையார் கணினியைத் திருப்பிக் காட்டினார். சுபானி பொய்க்காரணம் சொல்லத் தெரியாதவள். மீனின் பிரசவக் கதையை அப்படியே ஜெர்மன் மொழியில் ஒப்புவித்தாள். தாடை எவ்வளவு விரிகிறது, நாக்கு எங்கே ஒதுங்குகிறது, குஞ்சுகளை எப்படிப் புரட்டிப் புரட்டிக் காற்றுக் காட்டுகிறது என்று கையால் செய்தும் காட்டினாள். அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரு வாய்க்குள் எத்தனை இருக்கும் என்று கேட்டார். முப்பது வரும் என்றாள். வைத்தியர் அன்றைய நோயாளிகளை வெள்ளிக்கிழமைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, தனக்கு ஒரு படம் வேண்டும் என்றார்.

பற்றறியில் ஓடும் காற்று மோட்டர் எங்கே எடுப்பது என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது, கீழ்மாடி இராயப்பு அண்ணையை நினைப்பூட்டியவன் சதீசன். மன்னார்க்காரர். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஜெர்மன் மொழியில் சோதனை எழுதி மீன்பிடி அனுமதி எடுத்து, சனி ஞாயிறு கால்வாய்க் கரையில் தூண்டிலோடு இருப்பவர். இரைக்கு வைத்திருக்கும் சின்ன மீன்கள் வாளிக்குள் சாகாமலிருக்க அவரிடம் பற்றறி மோட்டர்கள் இரண்டு இருந்தன.

அதுவரை அவர் அந்த வீட்டுக்கு வந்ததில்லை. புதன்கிழமை பின்னேரம் மோட்டர்களோடு வந்தவர், தொட்டியைப் பார்த்து முதலில் சிரித்தார். "உது பொரிக்கவும் காணாதே பிள்ளை" என்றார். சுபானி விடயத்தைச் சொன்னாள். இராயப்பு அண்ணையின் சிரிப்பு நின்றுபோனது. அவர் குனிந்து, மூக்கு கண்ணாடியில் முட்டுமளவுக்குக் கிட்டப் போனார்.

"எங்கட கடல்ல கெளிறு மீனும் உப்பிடித்தான். வலையில ஏத்தினால் வாய்க்குள்ளயிருந்து முட்டை உருண்டு விழும், பெடியள் உருட்டி விளையாடுற போளை மாதிரி. நாங்கள் அதையும் கறிக்குள்ளதான் போட்டனாங்கள்." நிமிர்ந்து சொன்னார்: "நாளைக்கு நானும் வாறன். ரெண்டு மோட்டருக்கு ஒரு ஆள் காணாது."

வியாழக்கிழமை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வீடு திடீரென்று ஊமையானது. குளிர்சாதனப் பெட்டி, தொட்டி மோட்டர்கள், நீல வெளிச்சம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அடுத்த நொடி, இராயப்பு அண்ணையின் மோட்டர்கள் இரண்டும் கொறகொறவென்று குமிழி விடத் தொடங்கின. மூன்று பக்கமும் போர்வையால் மூடி, முன்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டிருந்தார்கள். வெந்நீர் அடைத்த போத்தல்களை வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் மிதக்கவிட்டாள். இருபத்தைந்து பாகை. ஒன்பது மணிக்கு இருபத்துநாலரை. பத்து மணிக்கும் இருபத்துநாலுக்குக் கீழே போக விடவில்லை. கமெரா அதன் பைக்குள், அடுத்த அறையில் இருந்தது. அவள் வேண்டுமென்றுதான் அதை அங்கே வைத்திருந்தாள்.

பத்து மணிக்குப் பிறகு வெயில் வந்தது. மாசி மாத வெயில் எசனில் எப்போதாவது வரும், வந்தாலும் தாழ்வாகத்தான் வரும். யன்னலால் சரிந்து வந்து தொட்டிக்குள் நுழைந்தது. அந்தத் தண்ணீரில் முதன்முறையாக உண்மையான வெயில் விழுவதைச் சுபானி பார்த்தாள். நீரோட்டம் இல்லாததால் ஒரு தூசிகூட அசையவில்லை. வெள்ளிச் செதில்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன.

தகப்பன் பாறையடியை விட்டு வெளியே வந்தது. கறுப்பு நாடா முள்ளெலியை நோக்கி மெல்லப் போனது. முட்களுக்கு முன்னால் நின்று ஒருமுறை உதறியது. வாய் திறந்து மூடியது. நாடா முட்களுக்கிடையில் நெல்மணி அளவில் ஒரு வெள்ளிப் பொட்டு நின்றது. அதற்கும் மூன்று பட்டை இருந்தது.

"அண்ணை." அவள் கிசுகிசுத்தாள். "அண்ணை, வந்திட்டுது. ரெண்டு நாள் முந்தி வந்திட்டுது."

இராயப்பு அண்ணை மடியில் மோட்டரை அணைத்தபடி எழும்பி வந்தார். இரண்டாவது குஞ்சு வந்தது. பிறகு இரண்டு ஒன்றாக வந்தன. அவர் அவளைப் பார்த்தார்.

"எங்க உன்ரை கமெரா?"

வேண்டாம் என்று அவள் தலையாட்டினாள். முன்பு ஒருமுறை என்ன செய்தாள் என்பதை, சதீசனுக்கும் சொல்லாததை, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவருக்குச் சொன்னாள். மின்னல் அடித்ததையும் மீன் மோதியதையும் சொன்னாள். அடுத்த நாள் காலையைப் பற்றியும் சொன்னாள்.

ஐந்தாவது குஞ்சு வெளியே வரும்வரை இராயப்பு அண்ணை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நீ வெளிச்சத்தைக் கொண்டு போனாய். இண்டைக்கு வெளிச்சம் தானா வந்திருக்கு. போய் எடுத்துக்கொண்டு வா."

அவள் எழுந்து ஓடவில்லை. வெறுங்காலோடு அடிமேல் அடி வைத்துப் போய், பையின் சிப்பை அடுத்த அறையிலேயே திறந்து, கமெராவின் எல்லாச் சத்தங்களையும் நிறுத்திவிட்டுக் கொண்டுவந்தாள். கறுப்புச் சால்வை அருகில் இல்லை. இராயப்பு அண்ணை தன் கறுப்புக் குளிர்ச்சட்டையைக் கழற்றி, அவள் தலைக்கு மேலே இரண்டு கையாலும் கூடாரம்போலப் பிடித்தார். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டாள். தகப்பன் அவளைப் பார்த்தது. அவள் மூச்சை விடவில்லை. தகப்பன் உதறியது. வாய் திறந்தது, மூடவில்லை, இன்னும் கொஞ்சம் திறந்தது. உள்ளே கண்கள், கண்கள், கண்கள். ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்று எட்டிப் பார்ப்பதுபோல, அத்தனையும் வெயிலை நோக்கித் திரும்பியிருந்தன.

நாலு படம் எடுத்தாள். ஐந்தாவதுக்குக் கமெராவைத் தூக்கியவள் தூக்கியபடியே இறக்கிவிட்டாள். வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குள் வாய் காலியானது. அவள் இருபத்தொன்பது என்றாள். அவர் இருபத்தேழு என்றார். கறுப்பு முட்களுக்கிடையில் அத்தனையும் தகப்பனைப்போலவே செட்டையை விரித்து, ஒரு கூட்டமாகத் தொங்கின. இரண்டு பேரும் மறுபடி எண்ணினார்கள். இம்முறை அவர் முப்பத்தொன்று என்றார்.

அப்போதுதான் சுபானிக்கு உறைத்தது. சனிக்கிழமைதானே என்று நீரோட்ட மோட்டருக்கு இன்னும் உறை போடவில்லை. ஒரு மணிக்கு மின்சாரம் வந்தால் மோட்டர் தானாகவே, முழு வேகத்தில் ஓடும். எட்டு மில்லிமீற்றர்க் குஞ்சுகளைத் தடுப்புக் கண்ணாடியில் அள்ளி அடிக்கும், மிஞ்சியதை உறிஞ்சி எடுக்கும். மணியைப் பார்த்தாள். பன்னிரண்டே முக்கால். தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள், எட்டு வயர்கள் பின்னிக்கிடந்த இருட்டுக்குள் தலையை விட்டாள்.

"எது பிள்ளை?"

"தெரியேல்லை அண்ணை. எல்லாத்தையும் புடுங்கிறன்."

ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கடைசி பிளக் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்ததும் அது கழன்று வந்து, தலை மேற்பலகையில் நங்கென்று மோதியது. வெளியே வருவதற்குள் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி உறுமத் தொடங்கியது. மின்சாரக்காரர்கள் பத்து நிமிடம் முந்திவிட்டார்கள். இராயப்பு அண்ணை தன் வாழ்க்கையில் ஜெர்மன்காரர் நேரம் தவறியதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணீரும் வந்தது.

நைலோன் காலுறை ஒன்றை வெட்டி மோட்டரின் வாயில் இரண்டு மடிப்பாகக் கட்டி, ஆகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டாள். முட்களுக்குள் ஒன்றும் அசையவில்லை. பிறகு சூடாக்கியைப் பூட்டினாள். இராயப்பு அண்ணை மோட்டர்களைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு கிழமையில் வந்து எண்ணுவேன் என்று சொல்லிப் படியிறங்கினார்.

இரண்டரை மணிக்குச் சதீசன் வேலை முடிந்து வந்தான். வாசலிலேயே செய்தி கிடைத்திருக்க வேண்டும், கீழ்மாடியில் இராயப்பு அண்ணை அவனை மறித்திருப்பார். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தான். சுபானி தொட்டியின் முன்னால் தரையில் இருந்தாள். நெற்றியில் ஒரு புடைப்பு. விரல்நுனியில் ஒரு சின்ன இறால் துண்டு. அதைத் தண்ணீருக்குள் பிடித்திருந்தாள். இருபத்தேழு நாளுக்குப் பிறகு தகப்பன் அதன் கிட்ட வந்து, முகர்ந்து, பின்வாங்கி, மறுபடி வந்துகொண்டிருந்தது.

"படம் வந்ததோ?" என்று சதீசன் கேட்டான்.

அவள் திரும்பாமலே மற்றக் கையால் கமெராவைப் பின்னால் நீட்டினாள். அவன் வாங்கித் திரையைப் பார்த்தான். பிறகு, வேலைச் சட்டையோடே, சப்பாத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் இருக்க இடம் தேடினான். சுபானி தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, விரலை அசைக்கவும் இல்லை. இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.